எல்லாரும் பாஸான வருஷம்

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் நாங்கள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மயிலாப்பூருக்கு வீடு மாறினோம். அம்மா நர்ஸ். ராயப்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவளுக்கு மாற்றல் வந்திருந்தது. அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடலில்தான் இருப்பார். லீவில் வருகிறவருக்கு எந்த வீடாக இருந்தால் என்ன, தூங்க ஓர் இடம், அவ்வளவுதான். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் முதல் மாடியில் வீடு கிடைத்தது. கீழே ஒரு தையல்கார பாய் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு சாந்தோம் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம் என்பதில் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

எனக்கு வீடு பிடித்திருந்தது. பள்ளிதான் பிடிக்கவில்லை.

அதுவரை நான் படித்தது கூவம் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளியில், தமிழ் மீடியத்தில். மயிலாப்பூரில் சேர்த்தது பெரிய பெண்கள் பள்ளி, இங்கிலீஷ் மீடியம். "இப்ப மாத்தலன்னா எப்பவும் மாத்த முடியாது" என்று அம்மா சொன்னாள். அவள் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்த வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாக வந்தவர்கள். யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது பல வருஷத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது.

முதல் வாரமே சயின்ஸ் மிஸ் என்னை எழுப்பி ஏதோ கேட்டார். எனக்குக் கேள்வி பிடிபடவில்லை. எழுந்து நின்று, "இன்னா மிஸ் கேட்டீங்க?" என்றேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். வன்மமாக இல்லை, சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் நானும் சிரித்தேன். மதியம் ஒருத்தி தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இன்னொருத்தியிடம், "இன்னா மிஸ், தண்ணி கீதா மிஸ்?" என்று சொல்லிக் காட்டியபோதுதான் புரிந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வாய்க்குள்ளேயே "என்ன, என்ன, இருக்கு, இருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். வந்துவிட்டது. ஆனால் பேசுவதற்கு முன் ஒவ்வொரு வார்த்தையையும் சரிபார்க்கிற வேலை வந்து சேர்ந்துகொண்டது. அந்த வேலைக்குப் பயந்தே பேச்சைக் குறைத்துவிட்டேன்.

பாடத்திலும் இதேதான். மிஸ் சொல்லும் ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் தனித்தனியாக எனக்கு அர்த்தம் தெரியும். அதையெல்லாம் கோத்து ஒரு வாக்கியமாகப் புரிந்துகொள்வதற்குள் அவர் இரண்டு வாக்கியம் தள்ளிப் போயிருப்பார். வீட்டில் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன். மனப்பாடம் ஒரு வார்த்தையில் தடுக்கினால் அதற்குப் பின்னால் இருக்கிற பத்தி மொத்தமும் போய்விடும். பரீட்சை ஹாலில் அப்படி எத்தனையோ முறை ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பத்தாவது ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் கரையேறியிருந்தேன், அவ்வளவுதான். அம்மா போனில் மார்க்கைப் பார்த்துவிட்டு, "சரி, பாஸ்தானே" என்றாள். பிறகு அன்று முழுக்க அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பா எங்கேயோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டு, "பரவால்ல கண்ணு, பாஸ் பண்ணதே பெருசு" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பாஸ் பண்ணுவதே பெருசு என்கிற ஆளாக நான் ஆகிவிட்டேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ப்ளஸ் ஒன்னில் மார்க் வரிசைப்படி குரூப் கொடுத்தார்கள். என் முறை வரும்போது வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் இருந்த குரூப்தான் மீதி இருந்தது. அதிலும் அந்த வருஷம் நான் பெரிதாக ஒன்றும் எடுக்கவில்லை. பத்தாவதைவிட ஒரு பிடி கூட, அவ்வளவே.

பயம் அங்கேதான் பிடித்தது. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். "இப்பல்லாம் காலேஜ்ல பத்தாவதிலிருந்து எல்லா மார்க்கும் கேக்கறாங்களாம்." "ப்ளஸ் ஒன் மார்க்கும் சேருமாம்." "இல்ல இல்ல, அத எடுத்துட்டாங்க." ஒவ்வொரு வாரமும் ஒன்றைச் சொல்வார்கள். நான் அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டு நிற்பேன். கடைசியில் துணிந்து பொருளியல் மிஸ்ஸிடமே போய்க் கேட்டேன்.

"ப்ளஸ் டூ மார்க்தாம்மா கணக்கு," என்றார் அவர். "அதுல நல்லா எடுத்துட்டா பழசை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனேன்.

போனேன் என்று சொல்ல முடியாது. பள்ளியை மூடிவிட்டார்கள். ஊரே மூடியிருந்தது. அம்மாவுக்குக் கொரோனா வார்டில் டியூட்டி போட்டார்கள். சில நாள் வார்டு, பிறகு ஆஸ்பத்திரி பிடித்துக் கொடுத்த லாட்ஜில் சில நாள் தனியாக, பிறகு வீடு, மறுபடி வார்டு. அப்பாவின் ஒப்பந்தம் முடிந்தும் எந்தத் துறைமுகத்திலும் அவர்களை இறங்க விடவில்லை. அவருக்குப் பதிலாகப் போக வேண்டிய ஆள் ஊரிலிருந்து கிளம்பவே முடியவில்லை. அப்படியே அவர் கப்பலில் மாட்டிக்கொண்டார்.

வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

கீழ்வீட்டு ஆன்ட்டி தினமும் சாப்பாட்டை மாடிப்படியில் பாதி வழியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். "பேட்டி, வெச்சிட்டேன். நான் எறங்கினப்புறம் எடுத்துக்கோ." பேட்டி என்றால் அவர்கள் வீட்டு உருதுவில் மகள். நான் கதவைத் திறந்து, அவர் கீழே போகிற காலடிச் சத்தம் முடிந்தபிறகு இறங்குவேன். அவர்கள் வீட்டில் வயதான மாமனார் இருந்தார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவள் என்பதால் அந்தப் பயம் நியாயம். அப்படியும் ஒரு நாள்கூட அந்தத் தட்டு வராமல் இருந்ததில்லை. ஆனால் ஒரு வருஷத்தில் அந்த ஆன்ட்டியின் முகத்தை நான் பார்த்தது சில தடவைதான்.

ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. மற்றவர்கள் எல்லாம் அதைத் திட்டினார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. காரணம் எளிமையானது. மிஸ் நடத்துகிற பாடத்தைப் பதிவு செய்து குரூப்பில் போடுவார்கள். அதை நிறுத்தலாம், பின்னால் தள்ளலாம், மறுபடி கேட்கலாம். ஓடிக்கொண்டே இருந்த இங்கிலீஷ் முதல்முறையாக எனக்காக நின்றது. ஒரு வாக்கியத்தைப் பத்து தடவை கேட்டாலும் யாரும் சிரிக்கப் போவதில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. புரிந்ததை நானே சத்தமாக எனக்குச் சொல்லிப் பார்ப்பேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், நடுவில் என் பழைய 'இன்னா'வும் வரும். சுவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

பொருளியல் பாடம் எனக்குத் திறந்துகொண்டது அப்போதுதான். வெங்காய விலை ஏறினால் யார் வாங்குவதை நிறுத்துகிறார்கள், யார் நிறுத்துவதில்லை என்று ஒரு பாடம் வந்தது. சந்து முனையில் தள்ளுவண்டிக்காரர் கூவிக்கொண்டு போவதை மாடியிலிருந்து பார்ப்பேன். யார் வந்து வாங்குகிறார்கள், யார் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள் என்று கவனிப்பேன். புத்தகத்தில் கோடாக வரைந்திருந்தது சந்தில் நடந்துகொண்டிருந்தது. இதைப் படிக்க வேண்டும், கல்லூரியில் இதையே படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவைச் சொல்ல ஆள் இல்லை. அம்மா போனில் வரும்போது முகக்கவசம் அழுத்திய தடம் கன்னத்தில் இருக்கும். "சாப்டியா, கதவப் பூட்டிட்டியா" என்று கேட்பதற்குள் அவளுக்குக் கண் சொக்கும்.

பொங்கல் கழித்துப் பள்ளியைத் திறந்தார்கள். ஒரு பெஞ்சுக்கு ஒருத்தி என்று உட்கார வைத்தார்கள். எல்லாரும் என்னைப் போலவே தனியாக உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மூன்று மாதம்தான் அந்தப் பள்ளியில் நான் நிம்மதியாக இருந்த காலம். திருப்புதல் தேர்வு வைத்தார்கள். பொருளியலில் வகுப்பிலேயே நான்தான் முதல். மிஸ் பேப்பரைக் கொடுக்கும்போது என் முகத்தைச் சற்றுக் கூடுதலாகப் பார்த்தார்.

"ஆன்லைன்ல பேசவே மாட்டியே நீ," என்றார்.

"கேட்டுக்கிட்டு இருந்தேன் மிஸ்."

"இப்படியே எழுது. உனக்கு நல்ல காலேஜே கிடைக்கும்."

அந்த வார்த்தையை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். சிட்டி நடுவில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு பெண்கள் கல்லூரி இருந்தது. பஸ்ஸில் போகும்போது அதன் மரங்களைப் பார்த்திருக்கிறேன். பொருளியலுக்குப் பேர் போன இடம் என்று சொல்வார்கள். அதன் வெப்சைட்டில் போன வருஷம் எந்த மார்க் வரைக்கும் சேர்த்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது.

பிறகு இரண்டாவது அலை வந்தது. மறுபடி பள்ளி மூடியது. பரீட்சை தள்ளிப் போனது. நான் படித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு நாள் சாயந்திரம் பரீட்சையே கிடையாது, எல்லாரும் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள்.

வகுப்பு வாட்ஸப் குரூப்பில் பட்டாசும் நடனமுமாக வந்து குவிந்தது. நான் அப்போது மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கீழே பாயின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று அம்மாவின் யூனிபார்மில் வாயை வைத்துப் பொத்திக்கொண்டேன்.

அன்றைக்கு அம்மா கூப்பிட்டபோது நான் சொல்ல ஆரம்பித்தேன். "அம்மா, பரீட்சைய ரத்து பண்ணிட்டாங்க."

"கேள்விப்பட்டேன்டி. நல்லதாப் போச்சு. புள்ளைங்கள கூட்டமா உக்கார வெக்காம இருந்தாங்களே." தண்ணீர் குடித்துவிட்டு மேலே சொன்னாள். "இன்னிக்கு உன் வயசு பொண்ணு ஒண்ணு போயிடுச்சு. அவங்க அம்மாவுக்கு நான்தான் சொன்னேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இன்னாடி, இருக்கியா?"

"இருக்கேம்மா. நீ சாப்பிடு."

அதற்குப் பிறகு என் மார்க்கைப் பற்றி யாரிடமும் பேச எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஊரில் ஆம்புலன்ஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. இதில் ஒரு பெண்ணுக்குப் பரீட்சை எழுத முடியாமல் போனது ஒரு துக்கமா? துக்கம்தான். ஆனால் அதை வெளியே எடுத்து வைக்க இடம் இருக்கவில்லை.

மார்க் எப்படிப் போடுவார்கள் என்ற விவரம் சில வாரத்தில் வந்தது. பாதி பத்தாவது மார்க்கிலிருந்து. அடுத்து ப்ளஸ் ஒன் மார்க்கிலிருந்து ஒரு பங்கு. மீதிதான் பன்னிரண்டாவதில் பள்ளியே போடுகிற மதிப்பெண். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று மிஸ் சொன்ன அதே பழைய மார்க்கைத்தான் இப்போது எல்லாரும் பார்க்கப் போகிறார்கள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. நான் சமையலறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரிசல்ட் வந்தபோது நான் போட்ட கணக்கும் அதுவும் ஒன்றாக இருந்தது.

கீழ்வீட்டு ஆன்ட்டி அன்று பாயசம் வைத்தார். "பாஸாயிட்டியாமே பேட்டி, உங்கம்மா போன்ல சொன்னாங்க." படியில் உட்கார்ந்து அதை முழுக்கச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அம்மா அந்த வாரம் வீட்டில் இருந்தாள். எனக்கு எந்தக் கல்லூரி வேண்டும் என்று முதல்முறையாகக் கேட்டாள். சொன்னேன். உடனே, "ஃபாதர்கிட்ட லெட்டர் வாங்கினா நம்ம பங்கு கோட்டாவுல பாப்பாங்கடி" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பங்குத்தந்தை வராந்தாவில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மார்க்கை வாங்கிப் பார்த்தார்.

"லெட்டர் நான் தாராளமா தர்றேன் சிஸ்டர்," என்றார் அம்மாவிடம். "ஆனா ஒண்ணு சொல்றேன், நம்பிக்கை வெச்சு ஏமாந்துடக் கூடாது. இந்த வருஷம் நம்ம புள்ளைங்களுக்கே நெறைய மார்க் வந்திருக்கு. அதுக்குள்ளதான் இதையும் வெச்சுப் பாப்பாங்க."

நேர்மையான மனிதர். திரும்பி வரும்போது அம்மா, "வேற காலேஜ் இல்லாமலா போகும்" என்றாள். கடற்காற்று முகக்கவசத்தை முகத்தோடு ஒட்டியது.

அந்த மார்க் போதாது என்று நினைக்கிறவர்கள் தனித்தேர்வர்களோடு சேர்ந்து பரீட்சை எழுதலாம் என்று ஓர் அறிவிப்பு இருந்தது. ஒரு நிபந்தனை. எழுதினால் எழுதியதில் வருவதுதான் கடைசி மார்க். குறைந்தாலும் அதுதான், ஃபெயிலானாலும் அதுதான். இலவசமாக வந்த பாஸ் கையைவிட்டுப் போய்விடும்.

நான் பள்ளிக்குப் போய்க் கேட்டேன். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நம்ம ஸ்கூல்ல யாரும் கேக்கலையேம்மா. நீ ஒருத்திதான். பாஸ் வந்திருக்கு, அத ஏன் கலைக்கிற?"

"எழுதினா இன்னும் அதிகமா வரும் மேடம்."

"படிச்சு எத்தன நாளாச்சு? டச் விட்டுப் போயிருக்கும். ஏதாவது ஆச்சுன்னா ஒரு வருஷம் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

அம்மாவிடம் நான் அதுவரை சொல்லவே இல்லை. அன்று சாயந்திரம் சொன்னேன். அவள் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"ஃபெயிலாயிட்டா அழக் கூடாது."

"மாட்டேன்."

"எழுதணும்னா எழுது. என்னால உன்கூட வர முடியாது."

அப்பாவுக்குச் சிக்னல் கிடைத்தபோது அவரிடமும் சொன்னேன். பின்னால் இன்ஜின் இரைச்சல். "எதுக்குக் கண்ணு ரிஸ்க்கு? பாஸ்தான் ஆயிட்டியே" என்றார். நான் விளக்க ஆரம்பித்தேன். இங்கிலீஷ் புரிய ஆரம்பித்தது, வெங்காய வண்டி, திருப்புதல் தேர்வு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் போன் கட்டாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. எவ்வளவு தூரம் அவர் காதில் விழுந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

பரீட்சை மையம் தி.நகரில் ஒரு பள்ளி. லஸ் முனையில் பஸ் ஏறிப் போவேன். கூட இருந்தவர்கள் எல்லாம் தனித்தேர்வர்கள். கூரியர் கம்பெனி சட்டையோடு ஒருவர் வருவார், எழுதி முடித்ததும் அப்படியே வேலைக்கு ஓடுவார். ஒரு அக்கா கைக்குழந்தையை வாசலில் கணவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வருவாள். குழந்தை அழுகிற சத்தம் வந்தால் பேனாவை நிறுத்திக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுவாள். அவர்கள் எல்லாருக்கும் இது பழக்கமான இடம். யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அது இதமாக இருந்தது.

இரண்டு பரீட்சை முடிந்திருந்தபோது அந்தப் பெண்கள் கல்லூரியின் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மேலிருந்து கீழாக ஒரு முறையும், எழுத்துப் பிசகியிருக்குமோ என்று கீழிருந்து மேலாக ஒரு முறையும் பார்த்தேன். அடுத்த நாள் பொருளியல்.

பொருளியல் அன்று நான் ஹாலுக்குள் போனபோது மேஜைகளில் நம்பர் ஒட்டியிருந்தது. ஆள் யாரும் இல்லை. மணி அடித்தது. அப்போதும் யாரும் வரவில்லை. முன்பு பார்த்தவர்களுக்கு இந்தப் பேப்பர் பாக்கி இல்லை, பாக்கி இருந்தவர்கள் வரவில்லை; அந்த அறையில் எழுத நான் ஒருத்திதான். எதிரே ஹால் சூப்பர்வைசராக ஒரு மிஸ்.

அவர் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, என் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். "பிரைவேட்டாம்மா?"

"இல்ல மிஸ், ரெகுலர்."

"ரெகுலருக்குத்தான் எல்லாருக்கும் பாஸ் போட்டாச்சே?"

"போட்டாங்க மிஸ்."

"அப்புறம் ஏன் வந்திருக்க?"

"அது பத்தாவது மார்க் மிஸ். நான் இப்பதான் படிச்சேன்."

மிஸ் சுவரோரம் போய் எனக்கு மேலே சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்திவிட்டு, பக்கத்து ஃபேனைப் போட்டார். பிறகு அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எழுதினேன். வெளியே ரங்கநாதன் தெருப் பக்கமிருந்து கடைகளின் மைக் சத்தம் லேசாக வந்தது. எந்த வார்த்தைக்காகவும் காத்திருக்க வேண்டி வரவில்லை. ஒரு வார்த்தை வராவிட்டால் வேறு வார்த்தையில் சொன்னேன். நடுவில் ஒரு தடவை தலையை நிமிர்த்தினேன். காலி மேஜைகள், ஒவ்வொன்றிலும் வராத ஒருவருடைய நம்பர். ஒரு கணம் எழுந்து போய்விடலாம் போலிருந்தது. நான் இங்கே உட்கார்ந்திருப்பது இந்த உலகத்தில் யாருக்கும் அவசியமில்லை என்று தோன்றியது. அம்மா வார்டில் இருந்தாள், அப்பா எந்தக் கடலிலோ. என்னோடு படித்தவர்கள் கல்லூரியில் சேர்ந்து போட்டோ போட்டுக்கொண்டிருந்தார்கள். கேள்வித்தாளைத் திருப்பி அடுத்த கேள்வியைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த கேள்வி. தெரிந்ததை எழுதாமல் எழுந்து போக மனசு வரவில்லை.

முடிந்ததும் மிஸ் என் விடைத்தாள் ஒன்றை மட்டும் உறையில் போட்டுக் கட்டினார். "ஒரே ஒரு பேப்பருக்கு இவ்ளோ நூலு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் வேறு யாரிடமும் பேசவில்லை.

அடுத்த மாதம் ரிசல்ட் வந்தது. இங்கிலீஷில் மட்டும் பள்ளி போட்டதைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. மற்ற எல்லாம் ஏறியிருந்தது. பொருளியலில் நூறுக்குச் சில மார்க்தான் குறைவு. நான் கேட்ட பெண்கள் கல்லூரியில் அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது என்றார்கள். வாசலில் இருந்த செக்யூரிட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளியலில் இடம் இருந்தது. இன்ஜினியரிங் கிடைத்துப் போன யாரோ ஒருத்தி விட்டுப் போன இடம். புது மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு அங்கே உடனே சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்குப் போன் செய்தேன். "அழலையே?" என்றாள். "இல்லம்மா, கிடைச்சிடுச்சு" என்றேன். அவள்தான் அழுதாள்.

அப்பா அந்தச் சமயத்தில்தான் ஒருவழியாகக் கப்பலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். முடி பாதி நரைத்திருந்தது. முதல் நாள் கல்லூரிக்கு தானே கொண்டுபோய் விடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே வந்தார். அடையாறு பாலம் ஏறும்போது குனிந்து என் காதருகில் சொன்னார்.

"பயப்படாத கண்ணு. கஷ்டமா இருந்தா விட்டுடு. பாஸ் பண்ணா போதும், வேற ஒண்ணும் வேணாம் எங்களுக்கு."

"நான் நல்லாப் படிப்பேம்ப்பா."

"தெரியும், தெரியும்" என்று தலையைத் தடவினார். சின்னப் பிள்ளைகள் டாக்டராவேன் என்று சொன்னால் பெரியவர்கள் சொல்கிற 'தெரியும்' அது. அவருக்குத் தெரியாது. அவர் கடைசியாகப் பார்த்தது தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணுகிற ஒரு பெண்ணை. நடுவில் நடந்தது எதையும் அவர் பார்க்கவில்லை, அம்மாவும் பார்க்கவில்லை. அது அவர்கள் தப்பில்லை. பாலத்துக்குக் கீழே ஆறு கடலோடு சேருகிற இடத்தைக் கைகாட்டி, "தண்ணி உள்வாங்கியிருக்கு பாரு" என்றார். பார்த்தேன்.

கல்லூரியில் நன்றாகத்தான் படித்தேன். சிநேகிதிகளும் கிடைத்தார்கள், நிறைய இல்லை. அதே கல்லூரியில் எம்.ஏ.வும் முடித்தேன். போன வருஷம் கிண்டிக்குப் பக்கத்தில், ஈக்காட்டுத்தாங்கல் போகிற வழியில், சர்வே எடுத்து அலசிக் கொடுக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் இன்டர்வியூ. எதிரே இருந்தவர் என் சான்றிதழ்களைப் புரட்டினார்.

"ப்ளஸ் டூ... ஓ, அந்த ஆல் பாஸ் பேட்ச்சா நீங்க?" என்று சிரித்தார். கேலி இல்லை, எல்லாரும் சொல்வதுதான்.

"இல்ல சார். நான் எழுதினேன்."

"அந்த வருஷம் எக்ஸாமே நடக்கலையே?"

"நடந்தது சார். கொஞ்சம் பேர் எழுதினோம்."

"அப்படியா" என்று அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். எம்.ஏ. புராஜெக்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். நான் பதில் சொன்னேன். அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன்.

அன்று இன்டர்வியூ முடிந்து கிண்டி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். வேலை கிடைக்கும் என்று தோன்றியது. ஆனால் மனசு அதில் இல்லை. 'அப்படியா' என்று அவர் தாளைப் புரட்டியதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன். அப்பா மறுபடி கப்பலில். அம்மா டியூட்டியில். கல்லூரி சிநேகிதிகளிடம் சொல்லலாம், ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொல்ல வேண்டும். பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைப் பையில் போட்டேன். கூட்டம் நெருக்கியது. மயிலாப்பூர் போகிற பஸ் வந்தது. பின்படியில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.